பார்த்தது சரி... சொன்னீர்களா?



செவ்வாய்க் கிரகத்தை ஆராய, 1998 டிசம்பரில் அமெரிக்காவின் 'நாசா' ஒரு விண்கலத்தை அனுப்பியது. 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்பது அதன் பெயர். ஒன்பது மாதங்களுக்கு மேல் பயணம் செய்து, 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாயை நெருங்கியது. அதன்பின் அதனிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. ஏன் தெரியுமா?

கலத்தைக் கட்டிய குழு, விசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. வழிநடத்திய குழுவோ, அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். கணக்கு எப்படிச் சரியாகும்? 226 கி.மீ. உயரத்தில் செவ்வாயை நெருங்கவேண்டிய கலம், 57 கி.மீ. உயரத்துக்கு இறங்கித் தொலைந்துபோனது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'கணக்கு இடிக்கிறதே!' என்ற சந்தேகம் சிலருக்கு முன்பே வந்திருந்தது. ஆனால், அது முறைப்படி எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை.

பள்ளியில் நீங்கள் செய்யும் குழுச் செயல்திட்டத்திலும் இது நடக்கலாம். 1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக, நம் தேரூர் குளத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காலையில் எண்ணுகிறார். மற்றவர் மாலையில் எண்ணுகிறார். பேசிக்கொள்ளாமல் இரண்டையும் கூட்டினால், ஒரே கொக்கு இரண்டு கொக்காகிவிடும்! காய்ச்சலால் ஒருநாள் போகாதவர், திட்டு விழுமே என்று பயந்து, மனதில் தோன்றிய எண்ணை எழுதிவிட்டால்? மொத்த உழைப்பும் வீண்தானே!

எனவே, இவற்றை மறவாதீர்கள்:

1. எதை, எப்போது, எந்த அளவில் குறிப்பது என்று முதலிலேயே பேசி, ஒரே நோட்டில் எழுதுங்கள்.

2. முடியாமல் போனதை அன்றே சொல்லுங்கள். கட்டம் காலியாக இருந்தால் குற்றமில்லை. பொய் எண்தான் குற்றம்.

3. சந்தேகம் வந்தால் எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள்.

4. குழுத் தலைவரே, உண்மையைச் சொன்னவரைத் திட்டாதீர்கள். திட்டினால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சுசீந்திரம் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். முன்னால் வடம் பிடிப்பவர்களுக்குப் பின்னால் உருளும் சக்கரம் தெரியாது. சக்கரத்தின் அருகில் நிற்பவர் குரல் கொடுத்தால்தான் தேர் ஒழுங்காக நிலைக்கு வரும். உங்கள் குழுவிலும் சிக்கல் யார் கண்ணில் படுகிறதோ, அவர் உடனே குரல் கொடுங்கள்!