பழைய வீடு: விற்பதா, திருத்திக்கொண்டு இருப்பதா?

சென்னையில் நங்கநல்லூர், குரோம்பேட்டை, மேற்கு மாம்பலம் பக்கம் தெருவுக்கு நாலு வீடாவது ஒரே சாயலில் இருக்கும். ஒரு கிரவுண்டு அல்லது அரை கிரவுண்டு மனை, கீழே ஹாலும் இரண்டு அறையும், வெளிப்புறமாக மாடிக்கு ஏறும் படி, பின்கட்டில் கிணறு, ஒரு தென்னை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பி.எஃப். பணத்தையும் வீட்டுக் கடனையும் போட்டுக் கட்டியவை. கட்டியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். மாடி பூட்டிக் கிடக்கிறது. பிள்ளை பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறான். வீடியோ காலில் வாராவாரம் கேட்கிறான்: "அப்பா, ரெண்டு பேருக்கு இவ்ளோ பெரிய வீடு எதுக்கு? வித்துட்டு ஒரு ஃபிளாட்டுக்குப் போயிடுங்களேன்."

நியாயமான கேள்விதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் அது பதினெட்டைத் தொடும் என்று மத்திய அரசின் மக்கள்தொகை வல்லுநர் குழு மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் பலருக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இந்த வீடு ஒன்றுதான். ஆனால் பேச்சை எடுத்ததுமே சதுர அடி என்ன விலை போகும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். உடம்பு முதலில், தெரு அடுத்து, பணம் அதற்குப் பிறகு என்பது என் கட்சி.

உடம்பைப் பற்றிய விசாரணையை பாத்ரூமில் தொடங்கலாம். பழைய வீட்டுக் குளியலறை ஹாலைவிட ஒரு படி தாழ்ந்திருக்கும். தரை வழவழ மொசைக். கதவு உள்பக்கம் திறக்கும், உள்ளே தாழ்ப்பாள். விழுந்தவர் கதவை ஒட்டியே கிடந்தால் வெளியிலிருந்து யாராலும் தள்ளித் திறக்க முடியாது. வழுக்கும்போது கை தானாகப் போய்ப் பிடிப்பது துண்டு போடும் கம்பியை. அது துண்டைத் தாங்கத்தான் போட்டது, ஆளைத் தாங்க அல்ல. திருகாணியோடு கையில் வந்துவிடும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் இறக்கி ஸ்டீல் கைப்பிடி போடச் சொன்னால், "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்று பெரியவர்களே மறுக்கிறார்கள். போட்ட பிறகு அதைப் பிடிக்காமல் எழுந்திருப்பவர் யாரும் இல்லை.

சொரசொரப்பான டைல்ஸ், படியில்லாமல் ஒரே மட்டமாகத் தரை, வெஸ்டர்ன் கழிப்பறை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, படுத்தபடியே கைக்கெட்டும் சுவிட்ச், ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. ஒரு நல்ல கொத்தனாரும் பிளம்பரும் சில வாரங்களில் முடித்துவிடக்கூடிய வேலை இது. சக்கர நாற்காலி வரும் நாளையும் இப்போதே நினைத்துக்கொள்வது நல்லது. வாசல் அகலம் 90 சென்டிமீட்டர், சரிவுப் பாதை ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அரசு வழிகாட்டுதல் சொல்லும் அளவு. பழைய பாத்ரூம் வாசல்கள் பல இரண்டரை அடிதான். எல்லாவற்றையும் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மாடியை ஒரு சிறு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள். வாடகை வரும், அதைவிட முக்கியமாக, ராத்திரி பத்து மணிக்குக் குரல் கொடுத்தால் இறங்கி வர மேலே ஆள் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்துவிட்டால், காலி செய்ய மாட்டார்களோ என்ற பயமும் பெருமளவு குறையும்.

திருத்தியும் பயனில்லாத வீடுகளும் உண்டு. சென்னையில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று சாலைக்குக் கீழே போய்விட்டன. மழைக்கு மழை ஹாலுக்குள் சாக்கடைத் தண்ணீர் வரும் வீட்டில் இத்தாலிய மார்பிள் போட்டு என்ன பிரயோஜனம்? ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்கள் என்பது உண்மைதான். எழுபத்தைந்து வயதில் அந்தச் செலவையும் அலைச்சலையும் ஏற்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதேபோல, கூரைக் கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் பாளம் பாளமாகப் பெயர்கிறதென்றால் பூசி மறைப்பது ஆபத்து. வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டரிடம் அபிப்பிராயம் கேட்காமல், வேலையில் ஆதாயம் இல்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்குக் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் விற்றுவிட வேண்டியதுதான்.

விற்றுவிட்டு எங்கே போவது என்பதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. முதலீட்டுக்காகப் பிள்ளை ஓ.எம்.ஆரில் வாங்கிப் போட்ட ஃபிளாட் காலியாக இருக்கிறது என்பதற்காகப் பெற்றோரைப் பதினான்காவது மாடிக்கு அனுப்புகிறார்கள். லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி எல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் விட்டுவிட்டு வந்தவற்றை நினைத்துப் பாருங்கள். ரெண்டு நாள் வாசலில் கோலம் இல்லையென்றால் "என்னம்மா உடம்பு?" என்று கேட்கும் பூக்காரம்மா, சீட்டு இல்லாமலே என்ன மாத்திரை என்று தெரிந்த மெடிக்கல் ஷாப்காரர், சாவி ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கும் எதிர்வீட்டு மாமி, நடந்தே போய் வரக்கூடிய கோயில், முப்பது வருஷமாகப் பார்க்கும் டாக்டர். வயதானவர்களுக்கு இவர்கள்தான் பாதுகாப்பு ஏற்பாடு. அதனால் வீட்டைச் சிறிதாக்குங்கள், பேட்டையை மாற்றாதீர்கள். அதே தெருவுக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள இரண்டு படுக்கையறை ஃபிளாட், அல்லது தரைத்தளம் கிடைக்கும்வரை காத்திருப்பதில் நஷ்டமில்லை.

துணையை இழந்து தனியாக இருப்பவர்கள், சமைக்க முடியாதவர்கள் விஷயம் வேறு. கோவையைச் சுற்றி வந்திருக்கும் முதியோர் குடியிருப்புகளில் வேளாவேளைக்குச் சாப்பாடு, நர்ஸ், ஆம்புலன்ஸ் என்று வசதி இருக்கிறது. போய் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. மத்திய அரசு 2019இல் இவற்றுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. அது வழிகாட்டுதல் மட்டுமே என்பதால் ஒப்பந்தத்தை நாம்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். வீடு நம் பெயருக்குப் பதிவாகிறதா, டெபாசிட்டா? பராமரிப்புக் கட்டணத்தை ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம்? படுத்த படுக்கையானால் வைத்துப் பார்த்துக்கொள்வார்களா, கூட்டிப்போகச் சொல்வார்களா? பழைய வீட்டை விற்பதற்கு முன் மூன்று மாதம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். பில்டர் வந்து ஜாயின்ட் வென்ச்சர் பேசுவார்: இடம் உங்களுடையது, கட்டுவது என் செலவு, உங்களுக்கு இரண்டு ஃபிளாட், கையில் கொஞ்சம் பணம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எட்டு வீட்டுக்கு மேற்படாமல் கட்டினால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிய வேண்டியதில்லை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர்தான். ஆக, நம் தெருவில் நடக்கும் பெரும்பாலான ஜாயின்ட் வென்ச்சர்களுக்கு ரெராவின் பாதுகாப்பு இல்லை. வேலை பாதியில் நின்றால், வாடகை வீட்டில் இருந்துகொண்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டியது எழுபத்தெட்டு வயதுக்காரர். தாமதத்துக்கு அபராதம், முடியும்வரை வாடகை, பவர் பத்திரத்துக்கு எல்லை ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நேராக விற்றால், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு லாபத்தின் மேல் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதம், எது குறைவோ அந்த வரி. விற்ற இரண்டு ஆண்டுக்குள் அந்த லாபத்தில் வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கு உண்டு. மாறிப்போகும் வீட்டுக்குப் பொதுவாக முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என ஒன்பது சதவீதம் தனியாகப் போகும். இதையெல்லாம் கழித்துவிட்டுக் கையில் நிற்பதைப் பார்த்தால், பாத்ரூமைத் திருத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே இருப்பது பலருக்கும் லாபமாகத் தெரியும்.

"இப்பவே என் பேருக்கு எழுதிடுங்களேன்" என்று பிள்ளைகள் கேட்டால், உயில் எழுதுங்கள், செட்டில்மென்ட் வேண்டாம். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தை முழுக்க அப்பாவுக்கும் மகனுக்கும் புரோக்கருக்கும் நடுவில் நடக்கிறது. அந்த அடுப்படியில் நாற்பது வருஷம் நின்றவளிடம் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் கடைசியாக மிஞ்சப்போவதும் அவள்தான். கணவர் இல்லாத பிறகு அந்த வீட்டில், அந்தத் தெருவில், அந்த வருமானத்தில் அவளால் இருக்க முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள். பத்திரத்தில் அவள் பெயர் இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள். இருவரும் நடமாடும் இந்த வருஷமே உட்கார்ந்து பேசுங்கள்; முதலில் அவளைப் பேசவிடுங்கள்.