மண்ணைக் காக்கும் கைகள் – 9: குப்பை என்றொரு நல்ல சொல்

விதையைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். இந்த வாரம் உரம்.

நகரத்தில் குப்பை என்றதும் மூக்கைப் பொத்துகிறோம். கிராமத்தில் "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால், தொழுவுரம் போட்டாயிற்றா என்று பொருள். 'குப்பை இல்லாத வெள்ளாமை சப்பை' என்பது உழவர் பழமொழி.

அந்தக் குப்பையைச் சேர்த்தவர் யார்? விடிவதற்குள் தொழுவத்தைக் கூட்டி, சாணியும் அடுப்புச் சாம்பலும் மாடு கழித்த தாளும் குழியில் கொட்டியவள் வீட்டுப் பெண். உழவுக்கு முன் வண்டியில் வந்து இறங்கிய குவியலைக் கூடையில் அள்ளி வயலெங்கும் விசிறியவளும் அவள்தான். வண்டி ஓட்டியது சில நாள் வேலை. குழியை நிரப்பியது ஆண்டு முழுவதும் நடந்த வேலை.

ஏரியும் வயலுமாக இருந்த சென்னைப் புறநகர் பம்மலில் வீடுகள் நெருங்கியபோது, வீட்டையும் வயலையும் இணைத்த இந்தச் சங்கிலி அறுந்தது. தொழுவம் போயிற்று, காய்கறித் தோல் தெருமுனைக்கு வந்தது. 1994-இல் பம்மல் சங்கரா நகர்ப் பெண்கள் மங்களம் பாலசுப்பிரமணியன் முன்னின்று நடத்த, தெருத் தூய்மைக்காக இயங்கிய எக்ஸ்னோரா அமைப்பின் வழியில் வீடு வீடாகக் குப்பை வாங்கத் தொடங்கினார்கள். மக்குவதைத் தனியே பிரித்து மண்புழு உரமாக்கினார்கள்.

எளிதாகத் தோன்றும், ஆனால் கைப்பக்குவம் வேண்டும். பச்சைக் கழிவு மக்கும்போது சூடேறும். அந்தச் சூட்டில் புழுவை விட்டால் செத்துப்போகும். சாணிக் கரைசல் தெளித்து, சூடு தணியும்வரை காத்திருந்து, பிறகுதான் புழு விட வேண்டும். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், எறும்பு அண்டக் கூடாது. உரம் எடுக்கும் முன் சில நாள் தண்ணீரை நிறுத்தினால், புழுக்கள் ஈரம் தேடி அடியில் இறங்கிவிடும். மேலே உள்ளதை அள்ளிச் சலிக்கலாம். தொழுவத்துக் குழியைக் காத்த அதே பொறுமைதான் இதிலும்.

வெண்டைக்காயோடு வயலின் சத்தும் நகரத்துக்கு வருகிறது. காம்பும் தோலும் பெருங்குடி போன்ற குப்பைமேட்டில் குவிந்தால், அந்தச் சத்து வயலுக்குத் திரும்புவதே இல்லை. அதைத் திருப்பித் தரும் வழியைப் பம்மல் பெண்கள் காட்டினார்கள். குப்பை என்ற சொல்லுக்கு அதன் பழைய பெருமையையும் மீட்டுத் தந்தார்கள்.

மீட்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது: நிலத்தில் பெண்ணின் பெயர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் 100 பண்ணைகளில் பெண்கள் நடத்துவதாகப் பதிவானவை ஏறத்தாழ 14 மட்டுமே. மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. ஆனாலும் பல வீடுகளில் பட்டா அப்பா பெயரிலிருந்து அண்ணன் பெயருக்கே போகிறது. நிலம் தன் பெயரில் இல்லாதவளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உதவி கிடைக்காது. பயிர்க்கடன் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி சிட்டா எங்கே என்பதுதான்.

2026-ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. நம் வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு. மக்கும் குப்பையைத் தனியே எடுத்து வையுங்கள். ஊரில் நிலம் இருந்தால், அதன் பட்டாவை எடுத்துப் பாருங்கள்: குழியை நிரப்பியவள் பெயர் அதில் இருக்கிறதா?

(தொடரும்)