கறியை இளக்கிய காய்! கட்டியைக் கரைத்த கிருமி!

ஞாயிற்றுக்கிழமை காலை. அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் வீடு. சந்தையிலிருந்து ஆட்டுக்கறி வந்திருக்கிறது.

"அத்தை! இது முத்தல் கறி. எத்தனை நேரம் அடுப்பு எரித்தாலும் வேகாது" என்கிறாள் மருமகள்.

"பொறு தாயி" என்று சொல்லிவிட்டு மாமியார் கொல்லைப்புறம் போகிறார். பப்பாளி மரத்தில் ஒரு பச்சைக் காயைப் பறிக்கிறார். தோலோடு ஒரு துண்டை அரைத்து, கறியில் பிசறி, அரை மணி நேரம் மூடி வைக்கிறார். பிறகு அடுப்பில் ஏற்றினால், கறி பஞ்சு போல் வெந்துவிடுகிறது!

இது மந்திரமா? இல்லை. பப்பாளிப் பாலில் "பப்பாயின்" என்று ஒரு பொருள் இருக்கிறது. கறியில் உள்ள புரதத்தை அது துண்டு துண்டாக வெட்டிவிடும். இப்படி வேலை செய்யும் பொருள்களுக்கு "என்ஸைம்" என்று பெயர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் "நொதி" என்று இருக்கும். நம் எச்சிலில் அது இருக்கிறது. வயிற்றில் இருக்கிறது. ரத்தத்திலும் இருக்கிறது. சூடு மிஞ்சினால் அதன் சக்தி போய்விடும். அதனால்தான் கொதிக்கிற குழம்பில் காயைப் போடுவதைவிட, முன்னதாகவே தடவி வைப்பது நல்லது.

கோவை விவசாயப் பல்கலைக்கழகம், பால் அதிகம் தரும் பப்பாளி ரகங்களையே தனியாக உண்டாக்கியிருக்கிறது. "கோ-5" என்பது அவற்றில் ஒன்று. விடிந்ததும் பச்சைக் காயில் மேலாகக் கீறிவிட்டு, சொட்டும் பாலைப் பிடித்துக் காய வைக்கிறார்கள். இரும்புப் பாத்திரத்தில் பிடித்தால் பால் நிறம் கெட்டுவிடும். காய்ந்த தூள் மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. கிணற்றுப் பாசனம் இருந்தால் கரிசல் காட்டு ஓரத்திலும் பப்பாளி காய்க்கும்.

ஜப்பான்காரரின் பூஞ்சை

பாட்டிமார்களுக்குத் தெரிந்த இந்த வித்தையை மருந்தாக்கிப் பேட்டண்ட் வாங்கியவர்களில் முன்னோடி, ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானியர்.

ஜப்பானில் அரிசிச் சாராயம் காய்ச்ச ஒருவகைப் பூஞ்சையைப் பயன்படுத்துவார்கள். சோற்றில் உள்ள மாவுச்சத்தை அந்தப் பூஞ்சை சர்க்கரையாக மாற்றும். தகாமினே அமெரிக்காவுக்குப் போய், அந்தப் பூஞ்சையிலிருந்து என்ஸைமைப் பிரித்தார். 1894-ல் அதற்கு அமெரிக்கப் பேட்டண்ட் கிடைத்தது. "தகா டயஸ்டேஸ்" என்ற பெயரில் அஜீரண மருந்தாக அது உலகமெல்லாம் விற்றது. இதில் ஒரு வேடிக்கை! தகாமினே அதற்கு முன் ஜப்பானின் பேட்டண்ட் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். சட்டத்தின் அருமை அவருக்குத் தெரியாதா என்ன?

விருந்துச் சாப்பாடு ஜீரணமாகாமல் மருந்துக் கடையில் சிரப் வாங்கினால், சீசாவின் லேபிளைப் படித்துப் பாருங்கள். "ஃபங்கல் டயஸ்டேஸ்" என்று பல சீசாக்களில் போட்டிருக்கும். அது பூஞ்சையிலிருந்து எடுத்த என்ஸைம்தான்.

ஆனால் வயிற்று உப்புசத்தோடு என்ஸைம் கதை முடியவில்லை. உயிர் போகிற நேரத்திலும் அது கைகொடுக்கிறது.

நெஞ்சு வலி வந்தால்...

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமம். கண்மாய் வறண்டு கிடக்கிறது. சீமைக் கருவேல மரம் வெட்டி மூட்டம் போடும் ஒருவருக்கு நடுப்பகலில் நெஞ்சு இறுக்குகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. இடது கை கடுக்கிறது. "வாயுப் பிடிப்பு" என்கிறார் ஒருவர். சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். பெருங்காயம் கரைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

அந்த ஒரு மணி நேரந்தான் உயிரின் விலை!

மாரடைப்பு என்றால் என்ன? இதயத்துக்கே ரத்தம் கொண்டு போகும் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடுகிறது. வாய்க்காலில் மண் அடைத்த மாதிரி! அதற்கப்பால் இருக்கும் இதயச் சதை, தண்ணீர் இல்லாத பயிர் போல் வாடிச் சாகத் தொடங்குகிறது. அடைப்பு சீக்கிரம் நீங்கினால் சதை பிழைக்கும். நேரமானால் பிழைக்காது.

அந்தக் கட்டியைக் கரைக்க முடியுமா? முடியும் என்று காட்டியது ஒரு கிருமி!

தொண்டைக் கிருமி செய்த உபகாரம்

அமெரிக்காவில் டாக்டர் வில்லியம் டில்லெட் என்பவர் "ஸ்ட்ரெப்டோகாக்கஸ்" என்ற கிருமியை ஆராய்ந்து வந்தார். தொண்டைப் புண்ணையும் சீழையும் உண்டாக்கும் பொல்லாத கிருமி அது. அந்தக் கிருமியைச் சேர்த்தால் ரத்த நீர் உறையாமல் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். சோதனைக் குழாயில் சேர்த்துப் பார்த்தார். ஏமாற்றந்தான்! ரத்த நீர் உறைந்துவிட்டது. குழாயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால், உறைந்த கட்டி மறுபடியும் தண்ணீராகிக் கிடந்தது!

இதை அவரும் கார்னர் என்பவரும் 1933-ல் வெளியிட்டார்கள். கிருமி விடும் அந்தப் பொருளுக்குப் பிறகு "ஸ்ட்ரெப்டோகைனேஸ்" என்று பெயர் வந்தது.

அது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. அது நேராகப் போய்க் கட்டியைக் கரைப்பதில்லை. நம் ரத்தத்திலேயே ஒரு காவல்காரன் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் பிளாஸ்மினோஜென். ஸ்ட்ரெப்டோகைனேஸ் அவனைப் பிடித்து எழுப்பிவிடுகிறது. விழித்தவுடன் அவன் "பிளாஸ்மின்" என்ற என்ஸைமாக மாறி, கட்டியைத் தாங்கி நிற்கும் நார்களை வெட்டித் தள்ளுகிறான்.

1958-ல் டாக்டர் சால் ஷெர்ரியின் குழுவினர் இதை மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். என்றாலும் டாக்டர்களின் சந்தேகம் தீர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1986-ல் இத்தாலியில் 11,806 நோயாளிகளை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு வந்தது. மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 13 பேர் 21 நாட்களுக்குள் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 10.7 பேர். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களிடம் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது!

எல்லோருக்கும் இந்த ஊசி போடலாமா? கூடாது. எழுப்பிவிட்ட காவல்காரன் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கும், சமீபத்தில் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் ஆபத்து. அதனால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சண்டிகரில் பிறந்த பேட்டண்ட்

இந்த மருந்தை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், "நாமே செய்தால் என்ன?" என்று கிளம்பியவர் விஞ்ஞானி கிரிஷ் சாஹ்னி. சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் தொழில்நுட்ப நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். அது மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நிலையங்களில் ஒன்று.

இங்கேதான் பேட்டண்ட் சட்டம் வருகிறது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் பழைய சங்கதி. அதற்கு இனி யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதைச் செய்கிற புதிய முறைக்கு உரிமை வாங்கலாம். சாஹ்னியின் குழுவினர் தங்களுக்கென ஒரு முறையைக் கண்டார்கள். அகமதாபாத்தின் காடிலா பார்மசூட்டிகல்ஸ் அதை எடுத்து, 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் மருந்தாக விற்றது. பிறகு, பொல்லாத கிருமியை வளர்க்காமலே, அதன் மரபணுவை வேறொரு கிருமிக்குள் வைத்து மருந்து செய்யும் முறை வந்தது. அதை எடுத்தது சென்னையிலிருந்த ஷாசன் நிறுவனம்.

சாஹ்னி அதோடு விடவில்லை. கண்ட இடத்தில் காவல்காரனை எழுப்பாமல், கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் எழுப்பும்படி மருந்தின் உருவத்தையே மாற்றினார். கட்டியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு துண்டை ஸ்ட்ரெப்டோகைனேஸோடு சேர்த்தார். அதற்கு அமெரிக்கப் பேட்டண்டும் கிடைத்தது. 2006-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அந்த உரிமையைப் பெற்றது. இந்தியா மருந்து வாங்கிய காலம் போய், அமெரிக்கா நம்மிடம் உரிமை வாங்கியது! சாஹ்னி பிறகு சி.எஸ்.ஐ.ஆருக்கே தலைவரானார். 2024-ல் காலமானார்.

இன்று குழாயை விரித்து "ஸ்டென்ட்" வைப்பதே முதல் சிகிச்சை. ஆனால் அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா? முடியாது என்றால் கட்டி கரைக்கும் ஊசிதான் வழி. இப்போது அதில் டெனெக்டிபிளேஸ் போன்ற புதிய மருந்துகளும் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்த ஒரு திட்டத்தின் முடிவு 2017-ல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. 2023-ல் "இதயம் காப்போம்" என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதன்படி நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மூன்று வகை மருந்தில் 14 மாத்திரைகளை உடனே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சோடாக் கடைக்குப் போகிற கால் அங்கே போகட்டும். 108-ஐக் கூப்பிடட்டும்!

தாயின் தோள் வலி

பேட்டண்ட் என்றால் டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டுந்தானா? அருப்புக்கோட்டை நெசவாளர்கள் கேட்க வேண்டிய கதை ஒன்று தெலுங்கு நாட்டில் இருக்கிறது.

அங்கே போச்சம்பள்ளிப் பட்டுச் சேலைக்கு நூலைச் சாயம் போடுவதற்கு முன், முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். "ஆசு" என்று அதற்குப் பெயர். ஒரு சேலைக்குக் கை சுமார் 9,000 தடவை போய் வர வேண்டும்! பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. லட்சுமி என்ற தாய் அதைச் செய்து செய்து தோள் வலியால் துடித்தார். மகன் சிந்தகிந்தி மல்லேசம் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். "அம்மாவின் கைக்குப் பதில் ஒரு இயந்திரம் செய்வேன்" என்று 1992-ல் தொடங்கினார்.

ஊரார் சிரித்தார்கள். பணம் கரைந்தது. ஐதராபாத்துக்குப் போய்க் கூலி வேலை பார்த்துக்கொண்டே இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதியாகச் செய்தார். ஏழு ஆண்டுகள்! 1999-ல் இயந்திரம் ஓடியது. நாலைந்து மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்குத் தாயின் பெயரையே வைத்தார்: "லட்சுமி ஆசு". காப்புரிமை கிடைத்தது. 2017-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

நம் கோவை முருகானந்தமும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். மனைவி மாதவிலக்குக்குப் பழந்துணி பயன்படுத்துவதைக் கண்டு, குறைந்த விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உண்டாக்கினார். ஆட்டு ரத்தத்தைப் பந்தின் பையில் கட்டிக்கொண்டு தாமே பரீட்சை செய்து பார்த்தார். ஊர் ஒதுக்கியது; மனைவியும் சில காலம் பிரிந்து போனார். பேட்டண்ட் கையில் வந்த பிறகும் அவர் பெரிய கம்பெனிகளுக்கு அதை விற்கவில்லை. பெண்கள் குழுக்களுக்கே இயந்திரத்தைக் கொடுத்தார்.

கிண்டிக்கு ஒரு மனு

அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்திலோ, பூக் கட்டுகிற இடத்திலோ, கரி மூட்டத்திலோ யாராவது ஒரு புதிய கருவி செய்திருந்தால் என்ன செய்ய வேண்டும்?

சென்னை கிண்டியில் பேட்டண்ட் அலுவலகம் இருக்கிறது. நாட்டில் உள்ள நாலு அலுவலகங்களில் அது ஒன்று. தனி மனிதர் கம்ப்யூட்டர் மூலம் மனுப் போட்டால் மனுக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. கருவி முழுமையாகாவிட்டாலும், தற்காலிக விவரம் கொடுத்துத் தேதியைப் பதிவு செய்துகொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுத்துவிட வேண்டும். உரிமை கிடைத்தால், மனுப் போட்ட தேதியிலிருந்து 20 ஆண்டுகள் அது செல்லும். அதற்கு இடையிடையே புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வர வேண்டும். பிறகு அது ஊர்ச் சொத்து.

பாட்டியின் பப்பாளி வைத்தியத்துக்கு இங்கே உரிமை கிடைக்காது. வழிவழியாக வந்த அறிவுக்கு இந்தியச் சட்டம் பேட்டண்ட் தருவதில்லை. புண்ணுக்கு மஞ்சள் தடவுவதற்கே 1995-ல் அமெரிக்கப் பேட்டண்ட் வாங்கிவிட்டார்கள்! சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடுகளைச் சாட்சியாகக் காட்டி வழக்காடியது. 1997-ல் அந்தப் பேட்டண்ட் ரத்தாயிற்று.

இன்னொரு விஷயம். கருவியைச் செய்தவுடன் பலர் பொருட்காட்சியில் வைக்கிறார்கள். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. மனுப் போடுவதற்கு முன் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டால், "இது புதியதல்ல" என்று அலுவலகம் தள்ளிவிடக்கூடும். முதலில் மனு, பிறகு கண்காட்சி.