அயோத்திதாசர் கேட்ட கேள்வி



தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர் சிலர், புக்கிட் மேராவில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் தேக்காவுக்குப் போவதுண்டு. அங்கே ரேஸ் கோர்ஸ் சாலையில் 15 மீட்டர் உயரப் புத்தர் சிலையுள்ள கோயிலைக் காணலாம். தாய்லாந்துத் துறவி ஒருவர் 1927-இல் நிறுவிய அக்கோயிலின் பெயர் சாக்கிய முனி புத்த கயா. "நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு.

1845-இல் சென்னையில் பிறந்தவர் காத்தவராயன். தீண்டத்தகாதோர் என்று சமூகம் ஒதுக்கிவைத்த குடும்பம். ஆனால் தமிழும் சித்த வைத்தியமும் அறிந்த குடும்பம். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்று, அவர் அயோத்திதாசர் ஆனார்.

1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து, எங்கள் மக்களைச் சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் ஏன் விடுவதில்லை என்று கேட்டார். அவை உங்கள் தெய்வங்கள் அல்ல என்று எதிர்ப்பு எழுந்தது. அப்படியானால் அந்தச் சாமிகள் எங்களுக்கு வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், எங்களுக்குத் தரிசு நிலமும் தாருங்கள் என்றார் அவர்.

நாம் எப்படித் தாழ்ந்தவர் ஆனோம்? இக்கேள்வியோடு அவர் பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்தார். நம் முன்னோர் பௌத்தர்கள். பௌத்தத்தைக் கைவிடாததால் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இதை எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. எனினும், தாழ்வு பிறப்பில் வந்ததல்ல, மனிதர் சுமத்தியது என்று அவர் உணர்த்தினார்.

1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். கொல்லாமை, திருடாமை, பிறன்மனை நாடாமை, பொய்யாமை, மது அருந்தாமை ஆகியவையே அந்த ஐந்து. கள்ளுக்கடையால் குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்த நமக்கு ஐந்தாவதன் அருமை புரியும். இந்த ஐந்தில் எதுவும் மனிதனின் சாதியைக் கேட்பதில்லை.

சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். பெயரே அதன் விலை! நம்மைப் போன்ற உழைப்பாளிகள் பிழைக்கப் போன கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலும் சங்கம் கிளைவிட்டது. 1914-இல் அவர் மறைந்தார். 1956 அக்டோபர் 14-இல் டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியதற்கு 58 ஆண்டுகள் முன்பே, ஒரு தமிழர் அவ்வழியில் நடந்திருக்கிறார்.

முன்னாளில் சாதி பார்த்து லயங்கள் பிரித்த தோட்டங்கள் இருந்தன. பால்மரம் சீவிய கைகள் எல்லாம் ஒன்றுபோலவே காய்த்தன. ஆயினும் குடிக்கும் குவளையில் வேற்றுமை பார்த்தோம். இன்றும் பெண் பார்க்கப் போகும்போது அந்தப் பழைய பேச்சு தலைகாட்டுகிறது.

நாம் எந்தச் சமயத்தில் இருந்தாலும் சரி, "சாதி என்றால் என்ன?" என்று பிள்ளை கேட்டால் அதட்டி அடக்க வேண்டாம். அது மனிதர் கட்டிய சுவர், மனிதரால் இடிக்கக் கூடியது என்று சொல்லுவோம். பிறகு அவனைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புவோம். அயோத்திதாசர் அன்று சபையில் கேட்டதும் அந்தப் படிப்பைத்தானே?