தாத்தா–பாட்டி கல்யாணம் எந்த வருஷம்? ஆவணங்களைத் தேடுவது எப்படி?

திருக்கடையூரில் 80-வது வயது சதாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. ‘தாத்தா, உங்க கல்யாணம் எப்போ நடந்துச்சு?’ என்று கேட்டால், ‘வெள்ளம் வந்த வருஷம்’ என்கிறார். சரியான தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அரசுப் பதிவு இருக்குமா?
பெரும்பாலும் இருக்காது. தமிழ்நாட்டில் எல்லா மதத்தினருக்கும் திருமணப் பதிவு கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல்தான். அதற்கு முன்பும் 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி பதியலாம், ஆனால் கட்டாயமில்லை. பதிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடலாம்.

வேறு எங்கே தேடலாம்?
• கல்யாணப் பத்திரிகை: ஆங்கிலத் தேதி இல்லையா? ‘விரோதிகிருது வருஷம், தை மாதம்’ என்றிருந்தாலே போதும். ஒரு வருஷத்தின் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்பும். எனவே அது 1972 ஜனவரி–பிப்ரவரி.
• மொய் நோட்டு: தேதியோடு உறவினர் பெயர், ஊரும் கிடைக்கும்.
• சர்ச், ஜமாத்: கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் அங்குள்ள திருமணப் பதிவேட்டைக் கேட்கலாம்.
• நிலப் பத்திரம்: பாட்டியை ‘இன்னார் மனைவி’ என்று குறித்திருந்தால், கல்யாணம் அந்தத் தேதிக்கு முன்பே நடந்திருக்கிறது.

மாவட்டக் குழப்பம்
திருக்கடையூர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. பழைய காகிதத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்றிருந்தால் வேறு ஊர் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

முதலில் என்ன செய்வது?
பத்திரிகையையும் மொய் நோட்டையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். பாட்டியின் பிறந்த ஊர், சம்பந்தம் பேசி முடித்தவர் பெயர் எல்லாவற்றையும் கேட்டு மொபைலில் பதிவு பண்ணுங்கள். இவை எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.