பெரிய ரயருக்கு ஏற்ற முன் அச்சு எது?

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சற்று முன்பாக வீதியோரத்தில் ஒரு பழைய லாண்ட் றோவர் நின்றது. பின்பெட்டி நிறையக் கத்தரியும் பூசணியும். வவுனியாப் பக்கத்தில் மீளக்குடியேறிய குடும்பங்கள் தமது சங்கச் சேமிப்பில் வாங்கிய வாகனம் அது. விடியுமுன் சந்தைக்குள் நின்றிருக்க வேண்டியவர்கள் பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வரும் வழியெல்லாம் இடது முன் சில்லுக்குள் கடகடவென்று சத்தம். நல்ல விலை விடியலோடு போய்விட்டது. கத்தரியைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, நாமும் அவர்களுமாக வாகனத்தை அருகிலிருந்த ஒரு கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

கராஜ் பாஸ் சிங்களவர், வயதானவர். முன் அச்சைக் கழற்றும்போதே ஏசத் தொடங்கினார். உடைந்த மூட்டின் இரும்புத் துண்டு ஒன்று உள்ளே சிக்கியிருந்தால் ஸ்டியறிங் பூட்டிக்கொண்டிருக்கும், ஏ-9 வீதியில் ஆட்களோடு கவிழ்ந்திருப்பீர்கள் என்றார். சாரதித் தம்பி தலை குனிந்து நின்றான். அவனில் மட்டும் பிழையில்லை என்பது சற்று நேரத்தில் தெரிந்தது.

மாரியில் குளத்துக்குக் கீழே உள்ள வயற்பாதையில் சாதாரண லொறி இறங்காது. ஆகவே நாலு சில்லும் இழுக்கும் பழைய வாகனம் ஒன்றைத் தேடினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். 2025இல் தடை நீங்கியும் புதியது வாங்க எம்மவரால் இயலவில்லை. கிடைத்த லாண்ட் றோவரில் 7.50-16 ரயர்கள் இருந்தன. சேற்றுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அவற்றைக் கழற்றி 9.00-16 பூட்டினார்கள். பிறகு முன் அச்சு தேய்ந்துபோக, பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் “அதே கொம்பனிச் சாமான்” என்று சொல்லித் தந்த அச்சை வாங்கிப் போட்டார்கள்.

முதலில் ரயரின் கணக்கைப் பார்ப்போம். 7.50-16 ரயரின் உயரம் ஏறத்தாழ 32 அங்குலம். 9.00-16 ஏறத்தாழ 35½ அங்குலம். அச்சு நிலத்திலிருந்து உயர்வது இந்த வித்தியாசத்தின் பாதி மட்டுமே, அதாவது ஒன்றே முக்கால் அங்குலம். ஆனால் அதே சுமையை இழுக்க, அச்சுக்குள் ஓடும் தண்டு முன்னரைவிட ஒன்பதில் ஒரு பங்கு கூடுதலாக முறுக்கப்படுகிறது. பிறேக்கின் பிடியும் அதேயளவு குறைகிறது. லாண்ட் றோவர் கொம்பனியே 1970களில் பிரித்தானிய இராணுவத்துக்கு 9.00-16 ரயரோடு ‘101’ என்ற வாகனத்தைச் செய்தபோது பழைய அச்சை வைக்கவில்லை. முன்னும் பின்னும் கனமான சோல்ஸ்பரி அச்சுகளைப் போட்டு, பற்சக்கர விகிதத்தையும் 4.7இலிருந்து 5.57 ஆக்கினார்கள். செய்தவனே மாற்றியதை நாம் மாற்றாமல் ஓடலாமா?

முன் அச்சுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பின் அச்சின் தண்டு நேரே ஓடுவது. முன் தண்டோ சில்லோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பழைய லாண்ட் றோவரில் அந்தத் திருப்பத்தில் இருப்பது ஒரு குறுக்கு மூட்டு. ஸ்டியறிங்கை முழுதாக வெட்டிய நிலையில் அதன் வேலை மிகக் கடுமை. சேற்றில் புதைந்து, சில்லு திரும்பியபடி இருக்கும்போது எக்ஸிலேற்றரை மிதித்தால் அங்கேதான் உடையும். பெரிய ரயர் என்றால் இன்னும் விரைவாக உடையும்.

எமது வாகனத்தில் இவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. வாங்கிய அச்சின் வெளிக்கூடு சரியானது. உள்ளே இருந்த டிபரன்சல் றேஞ்ச் றோவரின் 3.54 விகிதம். பின் அச்சு 4.7. நாலு சில்லும் இழுக்கும் மஞ்சள் குமிழை அழுத்தியதும் பின் சில்லு மூன்று சுற்றுச் சுற்ற, முன் சில்லு நாலு சுற்றுச் சுற்றப் பார்க்கும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துவிடும். குளக்கட்டின் இறுகிய கிரவலில் எதற்கு வழுக்கும்? மூட்டுத்தான் உடையும்.

இதைக் கண்டுபிடிக்கப் படிப்புத் தேவையில்லை. வெண்கட்டி ஒன்று போதும். கடையில் அச்சை நிலத்தில் வைத்து, ஒரு பக்கச் சில்லுத்தலையை அசையாமல் ஒருவர் பிடிக்கட்டும். மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நடுத்தண்டு பூட்டும் இடத்தில் வெண்கட்டியால் கோடிட்டு எண்ணினால், நாலேமுக்காலுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 4.7, மூன்றரைக்குச் சற்றுக் கூடினால் 3.54. பின் அச்சையும் இப்படியே எண்ணி, இரண்டும் ஒன்றானால் மட்டும் காசை எடுங்கள்.

வேறு கொம்பனி அச்சுப் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டான். பழைய லாண்ட் குறூசரின் முன் மூட்டு, திரும்பும்போதும் ஒரே சீராகச் சுற்றுவது. எமது குறுக்கு மூட்டைவிட நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதன் சில்லுக்கு ஆறு ஆணி. மகீந்திராவுக்கும் லாண்ட் றோவருக்கும் ஐந்து ஐந்து ஆணிதான். அப்படியிருந்தும் ஒன்றின் றிம் மற்றதில் ஏறாது, ஆணி வட்டம் முந்தியதில் 5½ அங்குலம், பிந்தியதில் 6½. ஸ்பிறிங் அமரும் இடம், டிபரன்சல் நிற்கும் பக்கம், ஸ்டியறிங் கம்பி எல்லாம் வெட்டி ஒட்டவேண்டும். ஒட்டு விட்டால் சில்லோடு உயிரும் போகும். பெரிய பட்டறையும் நிறையப் பணமும் உள்ளவர்கள் செய்யட்டும்.

சங்கக் கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் வாக்குவாதம் நடந்தது. இளைஞர்களுக்குப் பெரிய ரயரை விட மனமில்லை. அதன் தோற்றத்தில் ஒரு பெருமை இருந்தது, அதை நாம் குறைசொல்லவில்லை. முடிவில் ஒரு தாய்தான், “சுவாமி, கத்தரிக்காய் சந்தைக்குப் போனால் சரி, வாகனம் உயரமாய் நிற்கத் தேவையில்லை” என்றார். 4.7 டிபரன்சலோடு அதே இன முன் அச்சு, இரு பக்கமும் புது மூட்டு, 7.50-16இல் ஆழமாகப் பூ வெட்டிய சேற்று ரயர் என்று தீர்மானமாயிற்று. சேற்றில் இறங்குமுன் காற்றைச் சற்றுக் குறைப்பார்கள். பிரதான வீதிக்கு ஏறியதும் கைப்பம்பால் மீண்டும் அடிப்பார்கள். மஞ்சள் குமிழும் அங்கேயே விடுபடும்.

கழற்றிய 9.00-16 ரயர்கள் நான்கும் சங்கக் கொட்டிலில் கிடக்கின்றன. மழைநீர் தேங்கி நுளம்பு பெருகாமல் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறார்கள். நல்ல விலை வந்தால் கொடுப்பார்களாம்.