சும்மா நிற்கும் இணைப்பு

டேட்டாபேஸ் சர்வரைக் கண்காணிக்கச் சொன்னால், சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று கோடுகளைத் திரையில் ஓடவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அவை தேவைதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் சர்வரில் பெரிய தொல்லைகள் பல, அந்தக் கோடுகள் அசையாமல் இருக்கும்போதே உள்ளே வளர ஆரம்பித்துவிடும்.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் இதை உருவாக்கத் தொடங்கியபோதே, ஒரு வரி மாறினால் பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் எழுதும் முறையைத்தான் கையாண்டார்கள். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவருக்கொருவர் காத்திருக்க வேண்டாம் என்பது இதனால் இன்று கிடைக்கும் அருமையான பலன். அதற்கு விலை, செத்துப்போன பழைய வரிகள். அவற்றைக் கூட்டிப் பெருக்கும் வேலையாள் 'ஆட்டோவேக்யூம்'. இயல்பான அமைப்பில், அட்டவணையின் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 50 வரிகளும் செத்த பிறகுதான் அது விளக்குமாற்றை எடுக்கும். பத்துக் கோடி வரி கொண்ட அட்டவணையில் இரண்டு கோடி குப்பை சேரும்வரை அசையாது.

அதையும் முடக்கிப்போட ஒரே ஒரு இணைப்பு போதும். ஏதோ ஒரு நிரல் பரிவர்த்தனையைத் தொடங்கி, ஒரு வரியை எழுதி, கமிட் செய்யாமல் வேறெங்கிருந்தோ வரவேண்டிய பதிலுக்காக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த வேலையும் செய்யவில்லை. சிபியுவில் அதன் சுவடே தெரியாது. ஆனால் அது தொடங்கிய பிறகு செத்த வரிகளை, அந்த டேட்டாபேஸின் எந்த அட்டவணையிலிருந்தும் அகற்ற முடியாது. அட்டவணைகள் ஊதும், தேடல்கள் மந்தமாகும். ஆகவே என் பட்டியலில் முதல் அளவு இதுதான்: திறந்திருப்பவற்றுள் மிகப் பழைய பரிவர்த்தனைக்கு எத்தனை நிமிட வயது? 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' என்ற காட்சியில் அது கிடைக்கும்.

அமைப்பது கடினமல்ல. கண்காணிப்புக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, 'பிஜி_மானிட்டர்' உரிமை மட்டும் கொடுங்கள். சூப்பர்யூசர் வேண்டவே வேண்டாம். அந்தப் பயனராக எண்களைப் படித்து, எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் வெளியே வைக்கும். பிரொமீத்தியஸ் என்ற கண்காணிப்பு நிரல் தானே வந்து அவ்வப்போது எடுத்துச்செல்லும். கிராஃபானா அவற்றை வரைந்து காட்டும். மிகப் பழைய பரிவர்த்தனை நீங்கள் குறித்த நிமிடத்தைத் தாண்டினால் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பவும் அதனிடம் சொல்லிவையுங்கள். 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற நீட்டிப்பையும் சேருங்கள். அதற்கு சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்; ஆனால் அது தகும். அதில் குவெரிகளைச் சராசரி நேரப்படி அல்ல, மொத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். 2 மில்லிசெகண்டில் முடியும் குவெரி நாளுக்கு ஒரு கோடி முறை ஓடினால் ஐந்தரை மணி நேர உழைப்பு!

இணைப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். மாற்றாமல் விட்டால் வரம்பு 100தான். பின்தங்கிய ரெப்ளிகாவுக்காகச் சேரும் பதிவுகள் டிஸ்க்கை நிரப்பிவிடும், அதையும் பாருங்கள். பரிவர்த்தனை எண்களின் வயதை மறக்கவே கூடாது. அது 20 கோடிப் பரிவர்த்தனைகளைத் தொட்டால் போஸ்ட்கிரெஸ் தானே சுத்தம் செய்யத் தொடங்கும்; அதையும் மீறி 214 கோடியைத் தாண்டினால், தரவைக் காக்க எழுதுவதையே மறுத்துவிடும்.

எல்லாம் தயாரானதும் சோதனைச் சர்வரில் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, ஒரு வரியை மாற்றி, கமிட் செய்யாமல் விட்டுவிட்டு எழுந்து போங்கள். நீங்கள் குறித்த நிமிடத்தில் கைப்பேசி ஒலிக்கிறதா பாருங்கள். ஒலித்ததும் திரும்பி வந்து ரோல்பேக் கொடுங்கள்.